சொன்னவண்ணம்: திருமழிசைப் பக்கத்துச் சேரிகளும் உள்ளாட்சி மீதான நம்பிக்கையும்

(தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



திருமழிசையில் கூடியிருக்கிறோம். ஆகவே இந்த ஊரின் பழங்கதையிலிருந்தே தொடங்குகிறோம். இங்கே பிறந்ததாகச் சொல்லப்படும் ஆழ்வாரை வளர்த்தவர்கள் பிரம்பு அறுத்துப் பிழைத்த திருவாளனும் பங்கயச்செல்வியும் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. பெரும்புலியூரில் அவர் வந்து நின்றதும், வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள் ஓதுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் காதில் வேதம் விழக்கூடாதாம். அவர் நகர்ந்த பிறகு விட்ட இடம் அவர்களுக்கு நினைவுக்கு வரவில்லை. ஆழ்வார் ஒரு கறுப்பு நெல்லை நகத்தால் கீறிப் போட்டு, விட்ட இடத்தை உணர்த்தினார்.

இன்னொரு கதை காஞ்சியில் நடக்கிறது. ஆழ்வாரின் சீடன் கணிகண்ணனை அரசன் நாடு கடத்தினான். ஆழ்வாரும் உடன் கிளம்பினார். கிளம்பும்போது, படுத்திருந்த பெருமாளையும் பாயைச் சுருட்டிக்கொண்டு வரச் சொன்னார். பெருமாள் அப்படியே செய்தார். அரசன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டதும், திரும்பி வரச் சொன்னார், அதையும் செய்தார். அதனால் அந்தப் பெருமாளுக்குச் 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்று பெயர். அவர்கள் ஓரிரவு தங்கிய இடம்தான் இன்றைய ஓரிக்கை என்பார்கள்.

இவை புராணங்கள், வரலாறு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 'சொன்னவண்ணம் செய்தல்' என்ற சொல் நமக்கு ஓர் அளவுகோலாகப் பயன்படும். சேரிக்கு அரசு சொன்னது என்ன, செய்தது என்ன? எப்போது சேரி அரசை நம்பியது, எப்போது நம்ப மறுத்தது? இன்று நாம் பேச வந்தது அதைத்தான்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வளர்ச்சி நிதி கொடுத்தால் மக்களுக்கு உள்ளாட்சி மீது நம்பிக்கை வந்துவிடும் என்று திட்டம் போடுகிறவர்கள் நினைக்கிறார்கள். நூற்று முப்பது ஆண்டு அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. நிதியின் கணக்கு யார் கையில் இருக்கிறது, வேலை எந்தத் தெருவில் தொடங்குகிறது, கேள்வி கேட்பவருக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்ற மூன்றையும் பார்த்துத்தான் சேரி நம்புகிறது. பார்க்காமல் நம்பும்படி நம்மிடம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

1. ஒரு கலெக்டரின் அறிக்கை

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மிராசு முறை ஆழ வேரூன்றியிருந்தது. நிலம் மிராசுதாரரிடம் இருந்தது. பறையர் உழுதார், நட்டார், அறுத்தார். அவர் குடிசை போட்டிருந்த மனையும் பல ஊர்களில் அவருடையது அல்ல. எதிர்த்துப் பேசினால் வயல் வேலை மட்டும் போகாது, வீடும் போகும். தரிசு நிலத்தைக் கேட்டு மனுப் போட்டாலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை.

1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் இந்த நிலைமையை அறிக்கையாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி வருவாய்த்துறை அரசாணை 1010, 1010ஏ வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லும் ஒப்படைப்புக்கு அதுவே அடிப்படை. முதல் பத்து ஆண்டுகளுக்கு நிலத்தை விற்கவோ மாற்றவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது அந்த ஒப்படைப்பின் நிபந்தனை. மாகாணம் முழுவதும் சுமார் 12 இலட்சம் ஏக்கர் இவ்வகையில் தரப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

சொன்னது அரசாணையில் இருக்கிறது. செய்ததைப் பாருங்கள். நிபந்தனையைக் காக்க வேண்டிய கிராமக் கணக்கு யாரிடம் இருந்தது? கர்ணத்திடமும் மணியக்காரரிடமும். அவர்கள் யாருடைய சொந்தக்காரர்கள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலம் கடனுக்காகவும் குடிபோதையிலும் கைநாட்டிலும் கைமாறியது. பட்டா பெயர் மாறியது. நூறாண்டுக்குப் பின், 1994 அக்டோபர் 10-ஆம் தேதி, அதே செங்கல்பட்டில், காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டுப் போராடிய மக்கள்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர்விட்டார்கள். தன் சொந்த அரசாணையை நிறைவேற்றச் சொன்னவர்களைத்தான் அரசு சுட்டது.

நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது இந்தப் பாக்கியை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். சேரிக்காரர் அரசு அலுவலகத்தின் படியில் தயங்கி நிற்பதை அறியாமை என்று எழுதுகிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அதை நினைவு என்கிறோம்.

2. தாத்தா கொண்டுவந்த தீர்மானம்

செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசன், 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். 1923-இல் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். 1924 ஆகஸ்ட் 22-ஆம் தேதி அவர் அங்கே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் எந்த வகுப்பாரும் நடக்கத் தடை கூடாது. பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்களோ அப்படியே ஒடுக்கப்பட்ட வகுப்பாரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானத்தை அரசு ஏற்றது. அடுத்த மாதமே ஆணையாக்கி உள்ளாட்சி அமைப்புகளுக்கு அனுப்பியது.

தாத்தா கேட்டதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எங்களுக்குத் தனிக் கிணறு வெட்டிக் கொடுங்கள் என்பது அந்தத் தீர்மானத்தின் கோரிக்கை அல்ல. இருக்கிற கிணறு எல்லோருடைய வரிப்பணத்தில் வெட்டியது, அது எங்களுக்கும் உரியது என்றார். ஆனால் நடைமுறை வேறு திசையில் போனது. 1920-ஆம் ஆண்டையொட்டி உருவான தொழிலாளர் துறை சேரிகளுக்கு வீட்டுமனை வாங்கிக் கொடுத்தது, பள்ளி திறந்தது, தனிக் கிணறு வெட்டியது. அந்த மனைகள் பல குடும்பங்களை மிராசுதாரரின் மிரட்டலிலிருந்து காப்பாற்றின. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பொதுக்கிணற்றை ஊருக்கு விட்டுவிட்டு, சேரிக்குத் தனிக் கிணறு தருவது ஆட்சியாளர்களுக்குச் சுலபமான வழியாக அமைந்தது. உரிமையைக் கேட்ட இடத்தில் உதவி வந்தது. ஊரோடு மோதாமல் சேரிக்கு ஏதாவது செய்துவிடும் இந்தப் பழக்கம் நூறாண்டாக நம் வளர்ச்சித் திட்டங்களில் தொடர்கிறது.

தாத்தாவின் தீர்மானம் எங்கே சிக்கியது? அதை நிறைவேற்ற வேண்டிய தாலுக்கா போர்டிலும் பஞ்சாயத்திலும் சிக்கியது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள், கிணற்றை மறித்தவர்களின் உறவினர்கள்.

3. பஞ்சாயத்தை அம்பேத்கர் ஏன் சந்தேகித்தார்

1932 அக்டோபரில் பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா விவாதத்துக்கு வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதைக் கடுமையாக எதிர்த்தார். ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் இல்லாத பஞ்சாயத்தை அவர் ஏற்கத் தயாராக இல்லை. 1948 நவம்பர் 4-இல் அரசியல் நிர்ணய சபையில் வரைவை முன்வைத்தபோது, இந்தியக் கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு அவர் கொடுத்த பதில் உலகறிந்தது. ஆனாலும் பஞ்சாயத்துகளை அமைக்கச் சொல்லும் 40-ஆவது உறுப்பு வழிகாட்டு நெறியாக அரசியல் சட்டத்தில் சேர்ந்தது. இட ஒதுக்கீடு பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. வட்டார வளர்ச்சி அலுவலர், கிராம சேவக் எல்லாம் அப்போது வந்த பெயர்கள். ஐந்தே ஆண்டில், 1957-இல், பல்வந்த்ராய் மேத்தா குழு அதை ஆராய்ந்து, மக்களின் பங்கேற்பைத் தூண்டத் திட்டம் தவறிவிட்டது என்று சொன்னது. சென்னை மாநிலத்தில் 1958-இல் புதிய பஞ்சாயத்துச் சட்டமும் ஊராட்சி ஒன்றியங்களும் வந்தன. ரோடு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, மின்விளக்கு வந்தது. நம் பகுதியில் வயதானவர்களைக் கேளுங்கள்: முதல் விளக்கு எங்கே எரிந்தது, சேரிக்கு எத்தனை வருடம் கழித்து வந்தது என்று சொல்வார்கள். அந்த இடைவெளிதான் சேரி படித்த குடிமையியல் பாடம்.

4. பதவி வந்தது, நாற்காலி வரவில்லை

அம்பேத்கர் 1932-இல் வைத்த நிபந்தனை அறுபது ஆண்டுக்குப் பிறகுதான் சட்டமானது. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 243டி உறுப்பு, பட்டியலினத்தவருக்கு மக்கள்தொகை விகிதப்படி இடங்களையும் தலைவர் பதவிகளையும் ஒதுக்கியது. 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது.

என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். மேலவளவு தனி ஊராட்சியானது. தடைகளையெல்லாம் தாண்டித் தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30-ஆம் தேதி பேருந்தில் ஊர் திரும்பும் வழியில், தோழர்கள் ஐவரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். எரிக்கப்பட்ட குடிசைகளுக்கு இழப்பீடு கேட்டுக் கலெக்டர் அலுவலகம் போய்வந்த நாள் அது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகாச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளிலும் பத்து ஆண்டுகள் தேர்தல் நடத்த முடியவில்லை. நடந்தாலும் வென்றவர் உடனே பதவி விலக வேண்டியிருந்தது. 2006 அக்டோபரில்தான் அங்கே தலித் தலைவர்கள் முறையாகப் பொறுப்பேற்றார்கள்.

ரத்தம் சிந்தாத ஊர்களிலும் ஒரு பூட்டு இருந்தது. தமிழ்நாட்டில் ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பதவி தனித்தொகுதி. துணைத் தலைவர் பதவிக்கு வார்டு உறுப்பினர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஆதிக்க சாதித் துணைத் தலைவர் பேனாவை எடுக்காவிட்டால் தலைவரால் தெருவிளக்குக்கு ஒரு பல்பும் வாங்க முடியாது. எத்தனையோ தலித் தலைவர்களின் ஐந்தாண்டு இந்த ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தே கழிந்தது. பிறகு ஊர் சொல்லும்: 'தனித்தொகுதியாக்கினார்கள், ஒரு வேலையும் நடக்கவில்லை.'

5. பக்கத்து ஊரில் ஒரு சோதனை

அதே 1996 தேர்தலில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், பூந்தமல்லி ஊராட்சி ஒன்றியத்துக் குத்தம்பாக்கத்தில் இளங்கோ ரங்கசாமி தலைவரானார். அந்த ஊரின் தலித் குடும்பத்தில் பிறந்து, கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் வேதிப் பொறியியல் படித்து, மத்திய அரசின் ஆய்வு நிறுவனத்தில் விஞ்ஞானியாக இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். 2001-இல் மீண்டும் வென்று பத்து ஆண்டுகள் தலைவராக இருந்தார்.

அப்போதைய குத்தம்பாக்கத்தை நினைத்துப் பாருங்கள். பல குடும்பங்களுக்குக் கள்ளச்சாராயம் காய்ச்சுவதே பிழைப்பு. போலீஸ் வருவதும் பிடிப்பதும் வழக்கும் அன்றாடம். ஊருக்கும் சேரிக்கும் நடுவே பழைய பகை. அரசு என்றால் காக்கிச் சட்டை, அல்லது கமிஷன் வாங்கும் காண்டிராக்டர். அப்படிப்பட்ட ஊரில் ஒரு தலித் இளைஞர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தால் யார் நம்புவார்கள்? ஊர் நம்பாது என்பது தெரிந்ததே. சேரியும் எடுத்த எடுப்பில் நம்பிவிடாது.

அவர் செய்த காரியங்களில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவது, ஊருக்கு என்ன தேவை என்பதைக் கிராம சபையில் வைத்து ஐந்தாண்டுத் திட்டமாக எழுதியது. ஒன்றிய அலுவலகத்திலிருந்து வரும் வேலைப்பட்டியலுக்குக் கையெழுத்துப் போடும் இடமாக ஊராட்சி இருந்தது. தானே பட்டியல் போடும் இடமாக அது மாறியபோது கிராம சபைக்கு வர மக்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது.

இரண்டாவது, வேலையைக் காண்டிராக்டரிடம் விடாமல் ஊர் ஆட்களைக் கொண்டே செய்தது. கூலி ஊரிலேயே தங்கியது. சாராய அடுப்பை அணைக்கச் சொல்வதற்கு முன் வேறு அடுப்பு எரிய வழி வேண்டும் என்பது சேரிக்குப் புரிந்த நியாயம்.

மூன்றாவது, கழிவுநீர்க் கால்வாய். இதில்தான் நம்பிக்கைக்குச் சோதனை வந்தது. அருகிலிருந்த கல் மெருகேற்றும் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட கற்களைக் கொண்டுவந்து, மதிப்பீட்டைவிடக் குறைந்த செலவில் கால்வாய் கட்டினார்கள். காசு மிஞ்சியது. பாராட்டு வரவேண்டிய இடத்தில் நடவடிக்கை வந்தது. அங்கீகரித்த மதிப்பீட்டில் சொன்ன பொருளைப் பயன்படுத்தவில்லை என்று குற்றம் சாட்டித் தலைவரைத் தற்காலிகமாக நீக்கினார்கள். ஊராட்சித் தலைவர்மீது நடவடிக்கை எடுக்கச் சட்டத்தின் 205-ஆம் பிரிவு கலெக்டருக்கு அதிகாரம் தருகிறது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தந்த பதவியை ஓர் அலுவலகக் கோப்பு முடக்கிவிட முடியும்.

இளங்கோ கிராம சபைக்குப் போனார். குற்றச்சாட்டு இது, செலவு இது, கால்வாய் இதோ என்று மக்கள் முன்னால் வைத்தார். கால்வாய் தெருவிலேயே இருந்தது. யாரும் போய்ப் பார்க்கலாம், கடப்பாரையால் இடித்தும் பார்க்கலாம். கிராம சபை அவர் பக்கம் நின்றது. விசாரணைக்குப் பிறகு பதவி திரும்பக் கிடைத்தது.

ஒரு தலைவர் நல்லவராக இருந்ததால் மட்டும் இது நடந்ததென்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. நல்லவர் என்று ஊர் எப்படித் தெரிந்துகொண்டது? கணக்கு திறந்து கிடந்தது; வேலை செய்தவர்கள் ஊர்க்காரர்கள்; எத்தனை கல் வந்தது, எத்தனை பேருக்குக் கூலி போனது என்பது சுமந்தவர்களுக்கே தெரியும். அதனால் மேலே இருந்து குற்றச்சாட்டு வந்தபோது மக்கள் தாங்களே நீதிபதிகளாக முடிந்தது.

இதே காலத்தில் வேறிடங்களிலும் இந்தப் பாடம் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 முதல் பொது விசாரணைக் கூட்டங்கள் நடத்தியது. கூலிப் பட்டியலை ஊர் நடுவே வாசித்தபோது, செத்தவர்கள் பெயரிலும் கூலி எழுதியிருப்பது வெளிவந்தது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அந்தப் போராட்டம் ஒரு வேர். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் பட்ஜெட்டை மக்களே கூடி வரிசைப்படுத்தினார்கள். குடிநீரும் சாக்கடையும் ஏழைக் குடியிருப்புகளை நோக்கிப் போயின. கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டமிடல் இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. எல்லா இடத்திலும் கணக்கு மக்கள் கைக்கு வந்த பிறகே நம்பிக்கை வந்தது.

6. ஒரு சுவர், இரண்டு வீடுகள்

குத்தம்பாக்கத்தை நாட்டுக்குத் தெரியவைத்தது அங்கே எழுந்த சமத்துவபுரம். பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டத்தை முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி அறிவித்தார். மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998-இல் முதலாவது திறக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் 100 வீடுகள்: தலித்துகளுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. குத்தம்பாக்கத்தில் இதை ஒரு படி மேலே கொண்டுபோய், 50 இரட்டை வீடுகளாகக் கட்டினார்கள். ஒரு பாதியில் தலித் குடும்பம், மறு பாதியில் தலித் அல்லாத குடும்பம். ஊர் மண்ணை அழுத்திச் செய்த கற்களைக் கொண்டு, ஊர் ஆட்களே கட்டினார்கள்.

நடுச்சுவர் இருவருக்கும் பொது. சுவரில் ஈரம் ஏறினால் இருவரும் பேசித்தான் ஆகவேண்டும். ஒரே தெருவில் குழாய். ஒரே வாசலில் பிள்ளைகள். 1924-இல் தாத்தா கேட்டதற்கு இது கொஞ்சம் பக்கத்தில் வருகிறது: தனிக் கிணறு அல்லாமல் பொதுக்கிணறு.

ஆனால் நாம் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடவும் கூடாது. சமத்துவபுரம் புதிய நிலத்தில் எழுந்தது; பழைய ஊரும் பழைய சேரியும் அவை இருந்த இடத்திலேயே இருந்தன. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட சமத்துவபுரங்கள் எழுந்த பிறகும், ஒரு ஊராட்சியில் ஊர்ச் சுடுகாடும் சேரிச் சுடுகாடும் தனித்தனியே இருப்பதைப் பார்க்கிறோம். வீட்டை அரசு கட்டிக்கொடுக்க முடியும்; பாதையை அரசுதான் திறந்துவிட வேண்டும், அதற்கு ஊரோடு மோத வேண்டும்.

இன்னொரு கேள்வியும் இளைஞர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். இளங்கோ காந்தியின் கிராம சுயராஜ்யத்திலிருந்தும் ஜே.சி. குமரப்பாவின் பொருளாதாரத்திலிருந்தும் தூண்டுதல் பெற்றவர். அம்பேத்கரியர்கள் அதை எப்படி ஏற்பது? மறைக்க வேண்டிய கேள்வி இல்லை இது. அம்பேத்கர் சந்தேகித்தது ஆதிக்க சாதியின் கையில் இருக்கும் கிராமத்தை. ஒதுக்கீடும் கேள்வி கேட்கும் உரிமையும் இல்லாமல் கிராமத்துக்கு அதிகாரம் கொடுத்தால் அது ஒடுக்குகிறவனுக்குக் கொடுத்த அதிகாரமாகிவிடும் என்றார். குத்தம்பாக்கத்தில் தலைவரே தலித். மக்கள்தொகையில் தலித்துகள் ஏறத்தாழப் பாதி. 243டி சட்டமாக இருந்தது. அம்பேத்கர் வைத்த நிபந்தனை நிறைவேறியதால்தான் அங்கே காந்தியின் சொல்லுக்கும் இடம் கிடைத்தது என்பது எங்கள் வாசிப்பு. நிபந்தனை சட்டத்தில் மட்டும் இருந்த மேலவளவில் என்ன கிடைத்தது என்று பார்த்தோம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். படித்த, வெளியுலகத் தொடர்புள்ள ஒரு தலைவர் கலெக்டரை எதிர்த்து நிற்க முடிந்தது. நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டே தலைவியாகும் ஒரு சேரிப் பெண்ணால் முடியுமா? தனிமனிதத் துணிவை நம்பி நிற்கும் நம்பிக்கை அவர் பதவிக்காலத்தோடு முடிந்துவிடும் ஆபத்து உண்டு. அதற்கு மருந்து கிராம சபைதான்.

7. ஊராட்சியா, குக்கிராமமா?

2006-இல் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது. ஒவ்வொரு ஊராட்சிக்கும் 20 இலட்சம் ரூபாய். ஐந்து ஆண்டுகளில் 12,618 ஊராட்சிகள். நூலகமும் குளமும் சுடுகாடும் பல ஊர்களுக்கு வந்தன. ஆனால் இரண்டு குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் இருபது குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் ஒரே 20 இலட்சம். பணம் தாய்க் கிராமத்தோடு நின்றுவிடும். கடைசியில் இருக்கும் காலனிக்குப் போகும்முன் தீர்ந்துவிடும்.

2011-இல் 'தாய்' என்ற பெயரில் வந்த குடியிருப்புகள் மேம்பாட்டுத் திட்டம் இந்த அளவுகோலை மாற்றியது. ஊராட்சியை விட்டுக் குக்கிராமத்தை அலகாக எடுத்தது. 79,394 குக்கிராமங்கள் பட்டியலில் வந்தன. குடிநீர், தெருவிளக்கு, சாலை, சுடுகாடு, சுடுகாட்டுப் பாதை ஆகிய அடிப்படைத் தேவைகளைக் குடியிருப்பு வாரியாகக் கணக்கெடுத்தார்கள். எந்தக் கட்சி கொண்டுவந்தது என்பது இங்கே பேச்சில்லை. காலனி என்பது தனி வரியாகப் பட்டியலில் ஏறியதும் காலனிக்காரர் விரலை வைத்துக் கேட்க ஓர் இடம் கிடைத்தது. 'ஊராட்சிக்குச் செய்துவிட்டோம்' என்ற பதில் இனிச் செல்லாது.

மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அலகு என்பது அலுவலகச் சொல்லாகத் தெரியும். அதற்குள் சாதி ஒளிந்திருக்கும்.

8. இன்றைய நிலை

நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலித் தலைவியை 2020 சுதந்திர தினத்தன்று தேசியக் கொடி ஏற்றவிடவில்லை. செய்தி வெளியான பிறகு கலெக்டர் நேரில் வந்து அவரைக் கொடியேற்ற வைத்தார். அதே ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் தலைவியைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் வெளிவந்தது. சட்டம் பிறந்து 26 ஆண்டுக்குப் பிறகும் இந்த நிலை.

தேர்தலே நடக்காமல் போவது இன்னொரு ஆபத்து. 2016-இல் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களின் ஊராட்சிகள் மறுபடியும் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. தனி அலுவலர் காலத்தில் தனித்தொகுதி இல்லை. தலித் தலைவர் இல்லை. பெண் தலைவர் இல்லை. ஒதுக்கீட்டை யாரும் ரத்து செய்யவில்லை, தேர்தலைத் தள்ளிப்போட்டாலே போதும்.

நம் பகுதிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நகரம் நம்மை நோக்கி வருகிறது. திருமழிசை நெடுங்காலமாகப் பேரூராட்சி. பேரூராட்சிக்குக் கிராம சபை கிடையாது. 2020 மே மாதம் கொரோனா காலத்தில் கோயம்பேடு காய்கறிச் சந்தை இங்கே வந்தது, செப்டம்பரில் திரும்பிப் போனது. குத்தம்பாக்கத்தின் மேய்ச்சல் நிலத்தில் நகரத்தின் குப்பையைக் கொட்டத் திட்டமிட்டபோது ஊர் எழுந்து நின்று எதிர்த்தது. இன்று அங்கே சுமார் 25 ஏக்கரில் பேருந்து முனையம் எழுந்திருக்கிறது. நகரத்துக்கு நம் நிலம் வேண்டும். நம் தீர்மானம் வேண்டுமா? 2025 தொடக்கத்தில் பல ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது மக்கள் பல ஊர்களில் எதிர்த்தார்கள். நகரமானால் வரி ஏறும், நூறு நாள் வேலை போகும் என்பது அவர்கள் சொன்ன காரணம். கிராம சபையும் போகும் என்பதை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். நகரங்களில் பகுதி சபை அமைக்க 2022-இல் விதிகள் வந்திருக்கின்றன. அவை காகிதத்தில் நின்றுவிடாமல் கேட்டுப் பெறுவது நம் வேலை.

9. செய்ய வேண்டியது

2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாட்களிலும் அந்தந்த ஊர்களில் நம் தோழர்கள் இருக்க வேண்டும். கூட்டம் கோயில் வாசலில் நடந்தால், அடுத்தது காலனியில் நடக்கட்டும் என்று தீர்மானம் கேளுங்கள். ஊராட்சியின் முதல் கணக்கு பொதுநிதி, இரண்டாவது மின்கட்டணமும் குடிநீரும், மூன்றாவது திட்ட நிதி. மூன்றையும் வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத்தாளில் போடாதீர்கள். வேலை நடந்த தெருவை அளந்து மதிப்பீட்டோடு ஒப்பிடுங்கள். குக்கிராமப் பட்டியலில் உங்கள் காலனி தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் சின்ன வேலைகளாகத் தோன்றலாம். பஞ்சமி நிலம் கைவிட்டுப் போனது இப்படிப்பட்ட சின்ன வேலைகள் நம் கையில் இல்லாததால்தான். கர்ணத்தின் பேனா ஒரு வரியை மாற்றியபோது பார்த்துக்கொண்டிருக்க நம்மவர் ஒருவரும் அந்தத் திண்ணையில் இல்லை.

சேரி அரசை நம்ப வேண்டும் என்று உபதேசம் செய்கிறவர்களிடம் நாம் சொல்ல வேண்டியது இதுதான்: 1892-இல் சொன்னது அரசாணையில் இருக்கிறது, 1924-இல் சொன்னது தீர்மானத்தில் இருக்கிறது, 1993-இல் சொன்னது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. புதிதாக எதுவும் சொல்ல வேண்டாம். சொன்னவண்ணம் செய்யுங்கள். செய்தீர்களா என்று பார்க்க நாங்கள் கணக்குப் புத்தகத்தோடு கிராம சபையில் உட்கார்ந்திருப்போம்.

தாத்தா தீர்மானத்தைக் கொண்டுவந்து நூறாண்டு கடந்துவிட்டது. அதை ஒவ்வொரு தெருவிலும் நிறைவேற்றிக் காட்டுவதே அவருக்கு நாம் செலுத்தும் நினைவஞ்சலி.

ஜெய்பீம்.